யோடலிங் பாடிய சந்திரபாபு: குடிநோயும் மீளும் வழியும்

தமிழ்த் திரையிசைக்கு யோடலிங்கைக் கொண்டுவந்தவர் நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு. இயல்பான குரலிலிருந்து சட்டென்று கள்ளத்தொண்டைக்குத் தாவி மறுபடி கீழே இறங்கும் இந்தப் பாட்டு முறை ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களுடையது. அமெரிக்காவில் அதைக் கன்ட்ரி இசையின் அடையாளமாக்கியவர் ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ராஜர்ஸ். அவருடைய 'புளூ யோடல்' 1927 நவம்பரில் பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்திருந்தார்.

தந்தை விடுதலைப் போராட்ட வீரர், பத்திரிகை நடத்தியவர். ஆங்கிலேய அரசு அவரை இலங்கைக்கு அனுப்பிவிட, குடும்பம் கொழும்பில் வாழ்ந்தது. மேற்கத்தியப் பாட்டும் ஆட்டமும் புழங்கிய அந்தத் துறைமுக நகரில்தான் பையனின் காதும் காலும் பழகின. 1943 வாக்கில் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-இல் 'தன அமராவதி'யில் தலைகாட்டினாலும் வாய்ப்புகள் வரிசையாக வந்துவிடவில்லை. 1952-இல் விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவில் தற்கொலைக்கு முயன்றதால், வழக்கு நீதிமன்றம் வரை போனது. புகழுக்கு முன்பே அந்த மனத்தில் இருட்டு இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 'புகழ் தலைக்கேறியது, குடித்தார், கெட்டார்' என்று அவர் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு வந்த பத்தாண்டுகள் அவருடையவை. 'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். 'சகோதரி' (1959) எடுத்து முடிந்த பிறகு, அதைத் தூக்கி நிறுத்த அவருடைய நகைச்சுவைப் பகுதியைத் தனியே படமாக்கிச் சேர்த்தது ஏவிஎம். 'மரகதம்', 'அன்னை' படப் பாடல்கள் இன்றும் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் ஒலிக்கின்றன. நகைச்சுவை நடிகர் சொந்தக் குரலில் பாடுவது புதிதல்ல, என்.எஸ். கிருஷ்ணன் அதைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் சிரிக்க வைத்துக்கொண்டே தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற அந்தத் தொனி சந்திரபாபுவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1958-இல் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் குணம் படவுலகில் பகையைச் சேர்த்தது. எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. காரணம் குறித்துப் பல கதைகள் உலவுகின்றன. அது வைத்த கடனோடு கதை முடியவில்லை. கார் மேல்மாடி வரை ஏறிப் போகும்படி ஆசையாகக் கட்டிய வீடும் கையை விட்டுப் போனது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். பெயர் பைபிளில் இருந்து வந்தது, கதவு திறக்கவில்லை. குடியோடு பெத்தடின் என்ற வலிநிவாரணி ஊசிப் பழக்கமும் சேர்ந்துகொண்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 'அடிமைப் பெண்' (1969) போல இடையிடையே படங்கள் வந்தன. பழைய இடம் வரவில்லை. 1974 மார்ச்சில், 46 வயதில் இறந்தார்.

அவர் குடித்த காலத்தின் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. 1974-இல் கடைகளுக்கு மறுபடி பூட்டு விழுந்தது. ஆக, சந்திரபாபுவின் திரை வாழ்வில் பெரும்பகுதி மதுவிலக்குக் காலம். குடிக்க விரும்பியவர் 'பெர்மிட்' வாங்க வேண்டும், இல்லாவிட்டால் திருட்டுத்தனமாக வாங்க வேண்டும். பணமும் செல்வாக்கும் உள்ளவருக்குச் சரக்கு கிடைத்தது. கிடைக்காமல் போனது சிகிச்சை. சட்டத்தின் கண்ணில் குடி குற்றம், ஊரார் கண்ணில் அது ஒழுக்கக்கேடு. நோய் என்று சொல்வார் அரிது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இலேயே அதை மருத்துவம் பார்க்க வேண்டிய நோயாக ஏற்றிருந்தது. கோடம்பாக்கத்துப் படவுலகுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

நோய் என்பது பரிதாபத்துக்காகச் சொல்லும் சொல் அல்ல. தொடர்ந்து குடிக்கும்போது மூளை மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது: கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது. நெடுநாள் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காலையில் கை நடுங்காமல் இருக்கக் குடிப்பவரிடம் 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்று சொல்வதில் பயனில்லை. இசைக்கலைஞருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. வேலை இரவில், பல நேரம் மதுக்கூடத்தில். மேடைக் கூச்சத்துக்கு ஒரு கிளாஸ், கைதட்டல் அடங்கிய பின் தூங்குவதற்கு இன்னொரு கிளாஸ்.

அமெரிக்கக் கன்ட்ரி இசை இதே இடத்தில்தான் வளர்ந்தது. தென்மாநில உழைப்பாளிகளின் பாட்டு, கிட்டார், பிடில், பாஞ்சோவோடு மதுக்கூடங்களுக்குள் வந்தது. குடியும் பிரிவும் அதன் பாடுபொருளாயின. அங்கும் சாவுகள் உண்டு. பாடகர் ஹேங்க் வில்லியம்ஸை, குடித்துவிட்டு நிகழ்ச்சிகளைக் கெடுத்ததற்காக 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடை 1952-இல் நீக்கியது. 1953 புத்தாண்டு நாளன்று காரின் பின்னிருக்கையில் இறந்துகிடந்தார், 29 வயதில்.

இன்னொரு கன்ட்ரி பாடகரான ஜார்ஜ் ஜோன்ஸ் சந்திரபாபுவைவிட நான்கு வயது இளையவர். டெக்சாஸில், குடிகாரத் தந்தை அடித்து எழுப்பிப் பாடச் சொல்ல, அழுதுகொண்டே பாடக் கற்றவர். மனைவி கார் சாவிகளை ஒளித்து வைத்த நாளில், புல்வெட்டும் வண்டியில் ஏறிச் சாராயக் கடைக்குப் போனதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்கு வராமலே இருந்து 'நோ ஷோ ஜோன்ஸ்' என்று பெயர் வாங்கினார். 1978-இல் திவால், அடுத்த ஆண்டு மனநல மருத்துவமனை. 1980-இல் 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' வெளியாகி, தீர்ந்துபோனார் என்று கருதப்பட்டவரை முதலிடத்தில் உட்கார வைத்தது. கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அவர் மறுபடி குடித்தார். 1980-களில் பெருமளவு கட்டுப்படுத்தினாலும், 1999 மார்ச்சில் நாஷ்வில் அருகே குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பாலத்தில் மோதியதில், நுரையீரலும் கல்லீரலும் காயப்பட்டன. அதற்குப் பிறகுதான் முழுதாக நிறுத்தினார். மனிதர் தன் தேர்வுகளுக்குத் தானே பொறுப்பேற்கும் 'சாய்சஸ்' என்ற பாட்டு அந்த ஆண்டு வெளியாகி, அவருக்குக் கிராமி விருது வாங்கித் தந்தது. 2013-இல் இறக்கும்வரை பாடிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் மனவுறுதியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஜோன்ஸ் விழுந்த தடவைகள்தான் அதிகம். வேறுபாடு சுற்றிலும் இருந்தது. கன்ட்ரி இசையில் உடைந்த மனிதன் தன் உடைசலையே பாடலாம்; கேட்பவர் அதை எதிர்பார்க்கவும் செய்தார். தமிழ்ப் படத்தின் நகைச்சுவை நடிகர் சிரிக்க வைக்க வேண்டியவர். துயரத்தைக் கேமராவுக்கு வெளியே வைத்துவிட்டு வர வேண்டியவர். ஜோன்ஸுக்கு மருத்துவமனைக் கட்டிலும் இருந்தது, அதற்குப் பிறகு ஒலிப்பதிவு அறையும் காத்திருந்தது.

சென்னையில் அப்படி ஒரு கட்டில் வந்தது 1980-இல். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் 1979-இல் குடிநோயால் இறந்தார். அமெரிக்கா வரை கொண்டுபோய்ச் சிகிச்சை பார்த்த அவர் மனைவி சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே அவர் பெயரில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னாளில் டி.டி.கே. மருத்துவமனையாக அறியப்பட்ட இடம் அது. குடிப்பவருக்கு மட்டுமின்றி, மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியே ஆலோசனை தரும் முறையை அது முக்கியமாகக் கொண்டது. சந்திரபாபு இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்றைய சிங்கப்பூரில் அப்படிச் சிகிச்சை உண்டு, ஆனால் குடி பற்றிய பேச்சு பெரும்பாலும் பொது ஒழுங்கைச் சுற்றியே நடக்கிறது. 2013 டிசம்பர் லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின் வந்த சட்டப்படி, 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கடைகள் அந்நேரம் வாங்கிச் செல்வோருக்கு மது விற்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் இன்னும் கடுமை. மதுக்கூடங்களுக்குள் உரிமம் அனுமதிக்கும் நேரம் வரை குடிக்கலாம். இந்தச் சட்டம் தெருவை அமைதிப்படுத்தும். வீட்டுக்குள் தனியே குடிப்பவரை அது தொடாது.

அவருக்கான வழி புவாங்கோக்கில், மனநலக் கழகத்தில் இருக்கிறது. போதைப் பழக்கங்களுக்கான தேசியச் சிகிச்சைப் பிரிவு அங்கே இயங்குகிறது. மருத்துவர் மேற்பார்வையில் மதுவை நிறுத்துவது முதல் படி. அது சில நாள்களில் முடிந்துவிடும். பிறகு வருவது நீண்டது: ஏக்கத்தைத் தணிக்கும் மாத்திரை, ஆலோசனை, குடும்பத்தாரோடு பேச்சு. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டங்களும் சிங்கப்பூரில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. மீண்டும் குடித்துவிட்டு வந்தவரை இவ்விடங்களில் யாரும் வெளியே அனுப்புவதில்லை. சர்க்கரை நோயிலும் ரத்த அழுத்தத்திலும் போலவே, குறைந்தது மறுபடி ஏறுவதும் இந்த நோயின் போக்கில் சேர்ந்தது என்று வைத்துத்தான் சிகிச்சை திட்டமிடப்படுகிறது.