வடஆர்க்காட்டில் மதுவரியும் விற்பனை வரியும்: போர்க்கால ஆட்சியின் பிழை

கள்ளின் மீது இறை தண்டும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. பல்லவர் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' என்னும் வரிப்பெயர் காணப்படுகின்றது. ஈண்டு ஈழம் என்பது கள்ளைக் குறிக்கும். கள் இறக்குவோர் செலுத்திய இறையே ஈழம்பூட்சி என்பர் கல்வெட்டறிஞர். வேலூரும் ஆம்பூரும் அமைந்த பாலாற்றுப் பகுதி பல்லவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையை ஆம்பூரில் கிடைத்த நிருபதுங்கன் காலத்து நடுகற்களே காட்டும். எனினும், அந்நாளில் தறிக்கும் செக்கிற்கும் விதித்தாற்போலக் கள்ளிற்கும் விதிக்கப்பட்ட அவ்விறை, பல இறைகளுள் ஒன்றாகவே நின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. 'அப்காரி' என்னும் பாரசீகச் சொல்லால் வழங்கிய மதுவரி, 1886ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டத்தால் ஒழுங்குபெற்றது. அதற்கு உறுப்புகள் மூன்று. கள் இறக்கும் மரந்தோறும் கொள்வது மரவரி. வடித்த சாராயத்தின் அளவிற்கேற்பக் கொள்வது தீர்வை. கடை நடத்தும் உரிமையை ஏலத்தில் விட்டுப் பெறுவது கடைக்குத்தகை. இவற்றுள் மூன்றாவதன் இயல்பு ஊன்றி நோக்கத்தக்கது. மிகுதியாகக் கேட்டு ஏலம் எடுத்தவன், அத்தொகையை மீட்க மிகுதியாக விற்றாக வேண்டும். ஆகவே குடி பெருகுந்தோறும் கருவூலமும் பெருகிற்று. மதுவருவாய் மாகாணத்தில் நிலவரியை அடுத்த பெரும்பங்காய் வளர்ந்தமைக்கு இதுவே காரணம்.

இப்பிணைப்பை அறுக்க முற்பட்டது இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை. 1937ஆம் ஆண்டின் 10ஆம் சட்டத்தால் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வடஆர்க்காட்டிற்கும் பரவிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டின் 9ஆம் சட்டமாகப் பொது விற்பனை வரி பிறந்தது. இவ்விரண்டையும் இணைத்தே படித்தல் வேண்டும். குடிப்பவனிடம் கொள்ளும் வரியை விடுத்து, வாங்குவோர் அனைவரிடமும் சிறிது கொள்வது என்பதே அவற்றின் உட்பொருள்.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் உலகப்போர் மூண்டது. மக்களைக் கேளாது இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியமை கருதி அமைச்சரவை அக்டோபரில் பதவி துறந்தது. பின்னர் 1946 வரை ஆளுநர், ஆலோசகர் துணையுடன் ஆண்டார். அவ்வாட்சி 1943இல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. ஆயின், அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி நீங்கவில்லை. ஈடும் இருக்க, இழந்ததும் மீண்டது. வேலூரில் அரிசி வாங்கச் செல்வோனும் கடைத்தெருவில் வரிப்பொறுப்பை ஏற்றான். கள்ளுக்கடைக்குச் சென்றவனோ இரண்டையும் ஏற்றான். இம்மாற்றத்தை வினவச் சட்டமன்றமும் இயங்கவில்லை.

வரி தண்டுவதில் அரசின் தவறு என்றால், ஊழியர் சோர்வையும் கள்ளச்சாராயத்தையுமே சுட்டுவது வழக்கம். அவை தவறே எனினும் கிளைகளாம். வேரான தவறு, ஒரு வரியை விடுவதற்காகப் பெற்ற மற்றொரு வரியை வைத்துக்கொண்டே முன்னதையும் மீட்டதாகும் என்பது எம் கருத்து. போரின் நெருக்கடி வருவாயை வேண்டியிருக்கலாம். அவ்வேண்டுதல், மக்களுக்குக் கூறிய காரணத்தை மறப்பதற்கு உரிமையாகாது.

இப்பகுதியின் தோல்தொழிலும் அவ்வீட்டு வரியிலிருந்து தப்பவில்லை. பச்சைத்தோலும் பதனிட்ட தோலும் விற்பனை வரிக்கு உட்பட்டன. உள்நாட்டில் பதனிட்ட தோலுக்குப் பச்சைத்தோலின் கொள்முதல் விலைமீதும், பிற மாநிலங்களிலிருந்து பதனிட்டு வந்த தோலுக்கு அதன் விற்பனை விலைமீதும் வரி கொள்ள விதி செய்யப்பட்டது. இது வேற்றுமை காட்டுவது என 1962இல் உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிற்று. மதுவைப் பற்றி எழுந்த சட்டம், மதுவோடு தொடர்பற்ற தோல்மண்டியின் வழக்காக முடிந்தமை வரியின் போக்கை நன்கு விளக்கும்.

1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, பின்னரும் நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே மேற்கொண்டது. இம்மாற்றங்களில் எதிலும் விற்பனை வரி ஒழியவில்லை. ஈழம்பூட்சி முதலாக வரிப்பெயர்களைத் தொகுக்கும் மாணவர், ஒரு வரி பிறந்த ஆண்டோடு அமையாது, அது எதற்கு ஈடாகப் பிறந்தது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இன்றேல் வரிப்பட்டியல் எஞ்சும். குடிகள் சுமந்த சுமை புலப்படாது.