கயிற்றின் கீழ்முனைக்கு என்ன கூலி?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துப் பெரிய மரத்தைக் கழிக்க வேண்டுமென்றால் 'ட்ரீ சர்ஜன்' குழுவைக் கூப்பிடுவார்கள். செயின்சாவோடு மேலே ஏறுபவர் ஒருவர். கீழே கயிறு பிடித்து, விழுந்த கிளைகளை இழுத்துப்போய் அரவை இயந்திரத்தில் தள்ளுபவர் ஒருவரோ இருவரோ. இவர்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்பது அந்தத் தொழிலில் தீராத பேச்சு.

ஏறுபவர்களில் பலர் நிரந்தர ஊழியர்கள் அல்ல. இன்று ஒரு முதலாளி, நாளை இன்னொருவர் என்று நாள் கூலிக்குப் போகிறவர்கள். தொகையைக் கேட்டால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் கயிறு, இடுப்பு வார், ரம்பம், காப்பீடு, பயிற்சிக் கட்டணம் எல்லாம் கைக்காசு. ஆளைத் தாங்கும் கயிறுகளையும் வார்களையும் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டு விதி; அந்தச் செலவும் ஏறுபவர் தலையில்தான். புயல் காற்று அடித்தால் அன்றைக்கு வேலையுமில்லை, கூலியுமில்லை. ஊழியருக்குச் சட்டப்படி கிடைக்கும் 5.6 வாரச் சம்பள விடுப்பும் இவருக்குக் கிடையாது.

பெயரளவில் மட்டும் 'சொந்தத் தொழில்' செய்பவர்களும் உண்டு. வருடக்கணக்கில் ஒரே முதலாளி, அவர் சொல்லும் நேரம், அவர் வண்டி. இத்தகைய ஏற்பாட்டில் நீதிமன்றம் காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. 'பிம்லிகோ பிளம்பர்ஸ்' வழக்கில், சுயதொழில் என்று எழுதிக்கொடுத்து வேலை பார்த்த குழாய்ப் பணியாளர் ஒருவரைத் 'தொழிலாளி' என்றே 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விடுப்பு ஊதியப் பிரச்சினையிலும் 2022-இல் அவர் பக்கமே தீர்ப்பு. மரமேறுபவருக்கும் உரைகல் இதுதான்.

கீழே நிற்பவர் பாடு வேறு. புதியவர் என்றால் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே ஆரம்பம். 2025 ஏப்ரலில் அது 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு, முதலாண்டுத் தொழில் பழகுநருக்கு 7.55. காலையில் கொட்டகையில் சாமான் ஏற்றும் நேரமும், அங்கிருந்து மரத்தடிக்குப் போகும் நேரமும் கூலிக்குரியவைதான். அதைக் கணக்கில் சேர்க்காத முதலாளி சட்டத்தை மீறுகிறார்.

இவர் வேலையைச் 'சுள்ளி பொறுக்குவது' என்று நினைப்பவர்கள் ஒரு பெரிய கிளை இறங்குவதைப் பார்க்க வேண்டும். மரத்தின் அடியில் கட்டிய உலோக உருளையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருப்பார். மேலே கிளை அறுந்ததும் கயிற்றைச் சற்று ஓடவிட்டு, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் அந்தக் குலுக்கல் முழுதும் மரத்துக்குப் போகும். அதே மரத்தில்தான் ஏறியவரும் கட்டுண்டிருக்கிறார்.

அவருக்கு மேலே அடிபட்டால்? ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் இடத்திலேயே இருந்தாக வேண்டும். அந்தப் பயிற்சி பெற்றவருக்கும் கிளை இழுப்பவருக்கான கூலியே கொடுப்பது அநியாயம்.

2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட ஆஷ் மரப் பூஞ்சை நோய் ஆபத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. நோய்ப்பட்ட மரம் சொல்லாமல் ஒடியும். ஏறவே முடியாது என்று இயந்திரத் தூக்கி கேட்பவர்கள் உண்டு. அதன் வாடகையும் சேர்ந்தால் விலை ஏறும். வீட்டுக்காரரோ மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்ததைத் தேர்வு செய்கிறார். விலையைக் குறைக்க நினைப்பவர் டீசலில் கைவைக்க முடியாது; கீழே நிற்கும் இரண்டாவது ஆளைத்தான் குறைப்பார். அதனால் விலை கேட்கும்போதே, அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் மீட்புப் பயிற்சி பெற்றவர் யார் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.