தந்தைக்குக் கொடுத்த வாக்கு

நம் வீடுகளில் யாராவது கொஞ்சம் பருமனாக இருந்துவிட்டால் போதும். வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமே இராது. "ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பாரேன்" என்பார் பெரியம்மா. "கொள்ளுக் கஞ்சிக்கு மிஞ்சி என்ன இருக்கிறது?" என்பார் எதிர்வீட்டு மாமி. கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி இலையில் விழும்போது நாலு ஜோடிக் கண்கள் அந்த இலையையே பார்க்கும். சாப்பிடுகிறவருக்கு அந்த ஜாங்கிரி இனிக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

நாலு ஜோடிக் கண்களுக்கே இந்தப் பாடு. தினமும் காலையில் ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பருத்த சரீரத்துடன் அதன் எதிரே வந்து நிற்க வேண்டிய மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டார், இளைத்தார், மறுபடியும் பருத்தார், மறுபடியும் இளைத்தார். கதை அதோடு முடியவில்லை என்பதுதான் விசேஷம்.

வானிலை சொன்னவர்

அவர் பெயர் ஆல் ரோக்கர். அமெரிக்காவில் என்.பி.ஸி. டெலிவிஷனின் 'டுடே' என்ற காலை நிகழ்ச்சியில் 1996-ஆம் ஆண்டு முதல் வானிலை சொல்லி வருகிறவர். இன்றைக்கு மழை வருமா, பனி கொட்டுமா, குடையை எடுத்துக்கொண்டு போகலாமா என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்டுவிட்டு வெளியே கிளம்புகிறவர்கள் அங்கே அநேகம். சிரித்த முகம், மூக்குக் கண்ணாடி, வேடிக்கைப் பேச்சு. பார்த்தவுடனே பிடித்துப் போய்விடும்.

1954-இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். தகப்பனார் அதே நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஆறு குழந்தைகளில் ரோக்கர்தான் மூத்தவர். சிறு வயதிலிருந்தே பருமன் அவரை விடவில்லை. பத்தியம் இருப்பார், இளைப்பார். பத்தியத்தை விடுவார், பழையபடி ஊதிவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. 47-ஆம் வயதில் அவருடைய எடை 340 பவுண்டு. அதாவது சுமார் 154 கிலோ! கால்சட்டையின் இடுப்புச் சுற்றளவு 54 அங்குலம்.

தம் பருமனைப் பற்றித் தாமே வேடிக்கையாகப் பேசி மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். பருமனானவர்கள் பலர் கைக்கொள்ளும் உபாயம்தான் இது. பிறர் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் வலி சற்றுக் குறைவு, இல்லையா?

மரணப் படுக்கையில் ஒரு வேண்டுகோள்

2001-ஆம் ஆண்டில் தகப்பனாருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. பிழைப்பது அரிது என்று தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அந்த முதியவர் மூத்த மகனைக் கூப்பிட்டார். சொத்தைப் பற்றியோ, தம்பி தங்கைகளைப் பற்றியோ அவர் கவலைப்படவில்லை. 'பேரக் குழந்தைகளை வளர்க்க உனக்கு ஒத்தாசையாக இனி நான் இருக்க மாட்டேன். நீயாவது இருக்க வேண்டாமா? உடம்பைக் குறைத்துக்கொள்வதாக எனக்கு வாக்குக் கொடு' என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

மகன் வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டிலேயே தகப்பனார் கண்ணை மூடினார்.

ரோக்கருக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். அவர் மனைவி டெபோரா ராபர்ட்ஸும் டெலிவிஷனில் பெயர் பெற்ற நிருபர்தான். சில மாதங்களில் அவர் மீண்டும் கர்ப்பமாக இருந்தார். பிறக்கப் போகும் குழந்தை, கொடுத்துவிட்ட வாக்கு, நாற்பது வயதுக்குமேல் இவ்வளவு கனத்தைச் சுமக்கும் இருதயம்... இந்த மூன்றையும் யோசித்துப் பார்த்துத்தான் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே ஆண்டு ஜூலையில் மகன் பிறந்தான்.

வயிற்றுக்குள் ஒரு புறவழிச் சாலை

அது என்ன ஆபரேஷன் என்று கேட்பீர்கள். இரைப்பையின் மேல் பகுதியில் சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பையைத் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 30 மில்லி, அதாவது இரண்டு மேஜைக் கரண்டி கொள்ளும். பிறகு சிறுகுடலைக் குறுக்கே வெட்டி, அதன் கீழ்ப்பாகத்தை மேலே கொண்டுவந்து அந்தச் சின்னப் பையோடு இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையை வெட்டி எறிவதில்லை. அது உள்ளேயே இருந்து ஜீரண நீரைச் சுரந்துகொண்டிருக்கும். சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. ஊருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையில் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சங்கதி.

இந்த யோசனை உதித்த விதமும் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்று ஒரு டாக்டர் இருந்தார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பெண்கள், அதற்குப் பிறகு சதை போடாமல் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார். மற்றவர்கள் அதை ஒரு குறையாகக் கருதினார்கள். மேசனோ அதையே ஏன் வைத்தியமாக்கக் கூடாது என்று யோசித்தார். 1966-இல் இந்த ஆபரேஷனைத் தொடங்கினார். நூறு வயது வாழ்ந்து 2020-இல்தான் காலமானார். 1994-இல் வேறு டாக்டர்கள், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் போட்டுக் குழாய் வழியே செய்யும் முறையையும் கண்டுவிட்டார்கள்.

குறைவாகச் சாப்பிடுவதனால் மட்டும் எடை குறைவதாக நினைக்க வேண்டாம். குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மாறிவிடுகின்றன, பசி தணிகிறது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு, எடை சரியாக இறங்குவதற்கு முன்பே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. ஆகவே பருமன் என்பது வெறும் நாக்கின் குற்றம் என்று இனிமேல் யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

மறைத்ததும் சொன்னதும்

ரோக்கர் மளமளவென்று இளைக்கத் தொடங்கினார். எட்டே மாதத்தில் சுமார் நூறு பவுண்டு, அதாவது 45 கிலோ கரைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டதை அவர் ரசிகர்களிடம் முதலில் சொல்லவில்லை. நவம்பரில்தான் வெளியிட்டார்.

ஏன் மறைக்க வேண்டும்? நம் ஊரில் மட்டுமா, அங்கேயும் 'குறுக்கு வழியில் இளைத்துவிட்டார்' என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள், இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் அல்ல. முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம். பிறகு மசித்த உணவு. பிறகு குழைந்த உணவு. கெட்டி உணவைத் தொடச் சுமார் இரண்டு மாதம் ஆகும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, மெதுவாக விழுங்க வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பை ஆசையாகச் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகும். இதைக் குறுக்கு வழி என்றால் நேர் வழி எதுவோ!

இதில் ரோக்கருக்கே நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு அவர் போயிருந்தார். சாப்பிடக் கூடாத எதையோ சாப்பிட்டிருந்தார். மாளிகையின் நடைகூடத்தில் போகும்போது வயிறு ஏதோ சொல்லிற்று. வாயுதான் என்று அலட்சியமாக இருந்துவிட்டார். வாயு மட்டும் அல்ல என்பது மறுவிநாடியே தெரிந்துவிட்டது! அவசரமாகக் கழிப்பறையைத் தேடிப் போய், உள்ளாடையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வெளியே வந்தார்.

2013-இல் இதை அவரே டெலிவிஷனில் சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது சிரிப்பதற்காக மட்டும் அல்ல. ஆபரேஷன் என்றால் மந்திரக்கோல் என்று எண்ணி வருகிறவர்கள், அதன் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவும்தான்.

தாயாரின் நோய்

இனிமேல்தான் இந்தக் கதையில் முக்கியமான கட்டம் வருகிறது.

சில ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பிறகு தாயார் நோயில் விழுந்தார். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்களின் சாப்பாடும் தூக்கமும் எப்படிச் சீர்குலையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துக்கத்தில் சிலருக்குச் சாப்பாடு இறங்காது; சிலருக்குச் சாப்பாடுதான் ஆறுதல். ரோக்கர் இரண்டாவது வகை. சிறுகச் சிறுகக் கொறிக்க ஆரம்பித்தார். 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, திரும்பி வந்து சேர்ந்தது.

டாக்டர்கள் சுருக்கியது இரைப்பையை. துக்கம் வந்தால் கை எங்கே போகிறது என்பதை எந்தக் கத்தியும் மாற்றிவிட முடியாது. சின்னப் பையானாலும் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினால் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

ரோக்கர் இதைப் புரிந்துகொண்டார். மறுபடியும் உணவுக் கட்டுப்பாடு, தேகாப்பியாசம் என்று அடியிலிருந்து தொடங்கினார். திரும்பி வந்த கனத்தை மீண்டும் இறக்கினார். அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். 2022 மார்ச் 14-ஆம் தேதி, ஆபரேஷன் நடந்து சரியாக இருபது ஆண்டு ஆனபோது, அன்று ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன 54 அங்குலக் கால்சட்டையை எடுத்து உலகத்துக்குக் காட்டினார். இன்னும் இது போராட்டம்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இருபது ஆண்டுக்குப் பிறகும் 'ஜயித்துவிட்டேன்' என்று மார்தட்டவில்லை, பாருங்கள்!

நமக்கு இதில் என்ன?

நம் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது இந்த ஆபரேஷனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

இது அழகுக்குச் செய்யும் வைத்தியம் அன்று. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 2022-இல் இத்துறை வைத்தியர்களின் சர்வதேசச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறைப்படி, அந்த எண் 35-க்குக் குறையாமல் இருந்தால் ஆபரேஷனைச் சிபாரிசு செய்யலாம். ஆசியாக்காரர்களான நமக்கு 27.5 தாண்டினாலே அதைப் பற்றிப் பேசலாம் என்கிறார்கள். குறைந்த பருமனிலேயே நம்மவர்களைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பேசலாம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அர்த்தம் அல்ல. தக்க டாக்டரிடம் பரிசோதித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

செய்துகொண்ட பிறகு ஆயுள் முழுவதும் சத்து மாத்திரைகள் வேண்டும். புறவழியில் போகும் சாப்பாட்டிலிருந்து இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் பி12 ஆகியவை உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ரத்தச் சோகை வரும் அபாயம் அதிகம். சில மாதங்கள் தலைமுடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். குழந்தை வேண்டுகிறவர்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் பொறுத்திருப்பது நலம். ரத்தப் பரிசோதனைகளையும் காலாகாலத்தில் செய்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டாரின் ஒத்தாசை. இரண்டு கரண்டியோடு எழுந்திருக்கிறவரைப் பார்த்து "என்ன, இவ்வளவுதானா? இன்னும் ஒரு வாய் போட்டுக்கொள்" என்று வற்புறுத்தக் கூடாது. ஊட்டி ஊட்டி அன்பைக் காட்டியே பழகிய நமக்கு இது சிரமம்தான். கை ஓயாமல் பரிமாறுவது ஓர் அன்பு என்றால், கையை நிறுத்திக்கொள்வதும் ஓர் அன்பு.

ரோக்கரின் வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவருடைய மூத்த மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைக் கையில் ஏந்தத் தாத்தா இருந்தார்.

ஆகையால், அடுத்த முறை பருமனான யாராவது பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர் இலையை எட்டிப் பார்க்காதீர்கள். அவரும் யாருக்கோ ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற உள்ளுக்குள் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். முடிந்தால் வேறு ஏதாவது நல்ல சங்கதியாகப் பேச்சுக் கொடுங்கள். அவருடைய சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.