கொடைக்கானலில் ஜாகை

கொடைக்கானலுக்குப் போக வேண்டுமென்று தீர்மானித்தவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது ஏரியும், படகும், தூண் பாறையும், கோக்கர்ஸ் வாக்கும்தான். தங்குமிடத்தைப் பற்றிய சிந்தனை கடைசியில் வருகிறது. அதுவும் வாடகை எவ்வளவு, வெந்நீர் உண்டா, கார் நிறுத்த இடமுண்டா என்பதோடு முடிந்துபோகிறது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மேகம் தெருவிலேயே நடமாடும் ஓர் ஊரில், இரவு முழுவதையும் மழையும் மூடுபனியும் மறிக்கிற பகற்பொழுதின் பெரும் பகுதியையும் நாம் கழிக்கப்போவது அந்த ஜாகையில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியாக வேண்டும் என்பது விளங்கும். ஜாகையை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதை நடத்துகிறவர்களின் யோசனையைக் கேட்டு, பிரயாணத்தின் மற்ற ஏற்பாடுகளை அதற்கு இசைவாகச் செய்துகொள்கிறவர்களே அந்த மலையை உள்ளபடி அனுபவிக்கிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜாகை என்று நான் சொல்வது பெரிய ஹோட்டல்களை அல்ல. ஒரு குடும்பம் தான் வசிக்கும் வீட்டையொட்டியே ஐந்தாறு அறைகளைக் கட்டி, குடும்பத்தலைவர் கணக்கையும் வண்டி ஏற்பாட்டையும் கவனித்துக்கொள்ள, வீட்டு அம்மாள் சமையற்கட்டின் பொறுப்பை ஏற்க, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து வருகைப் பதிவேட்டை எழுத, இவ்விதமாக நடந்துவரும் சிறிய விடுதிகளையே சொல்கிறேன். நாயுடுபுரத்திலும், வில்பட்டி, அட்டுவம்பட்டிப் பக்கங்களிலும், ஊருக்குள் மூஞ்சிக்கல்லின் சரிவுகளிலும் இத்தகைய வீட்டு விடுதிகளைக் காணலாம். இவற்றில் மணியடித்தால் ஓடிவரும் பணியாட்கள் இல்லை. நள்ளிரவில் ஆகாரம் கிடைக்காது. விடுதியின் கடிகாரமும் வீட்டின் கடிகாரமும் ஒன்றேதான். அந்த ஒரே கடிகாரத்தைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நம் நாட்களை வகுத்துக்கொள்வதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

விருந்தினரை வைத்துக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிய தொழிலன்று. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலைக் கிராமங்கள் மிகப் பழமையானவையாயினும், இன்று நாம் அறிந்த கொடைக்கானல் நகரம், சமவெளியின் உஷ்ணத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மதுரையிலிருந்து ஏறிவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845ஆம் ஆண்டில் கட்டிய இரண்டு பங்களாக்களிலிருந்து வளர்ந்தது. பிறகு 1863இல், மதுரைக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்சு என்பவர் ஓடையை மறித்து ஏரியை அமைத்தார். மோட்டார் வண்டிகள் மேலே வரத் தொடங்கியது முதல் உலக யுத்த காலத்தில்தான். அதுவரையில் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள அடிவாரத்திலிருந்து ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளிலும், குதிரை மேலும், கால்நடையாகவும்தான் ஜனங்கள் ஏறினார்கள். அவ்வளவு சிரமப்பட்டு ஏறியவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். சனிக்கிழமை காலையில் ஏறி ஞாயிற்றுக்கிழமை மாலையில் இறங்கிவிடும் பழக்கம் நம் காலத்தில் வந்தது. ஒரு குடும்ப விடுதிக்கு இதைவிடப் பொருந்தாத பழக்கம் வேறில்லை. வந்தவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அந்த வீட்டார் தெரிந்துகொள்வதற்கு முன்னரே அவர் மூட்டை கட்டிவிடுகிறார்.

ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது மாதத்தை. சித்திரை வைகாசியில் சமவெளி கொதிக்கும்போது கொடைக்கானலில் பகலிலேயே இருபது டிகிரியை ஒட்டிய குளுமை நிலவுகிறது என்பது உண்மை. 1908இல் உண்டான பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பதும் அந்த மே மாதத்தில்தான். ஆனால் தமிழகம் முழுவதும் அந்த உண்மையை அறிந்து வைத்திருக்கிறது. கூட்டம் மிஞ்சிப்போனதனால்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடையில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். அந்த நாட்களில் சிறு விடுதிக்காரர் பாடு பெரும்பாடு. தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் அறையைக் காலிசெய்யும் முன்பே அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும். வீட்டு அம்மாளுக்கு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க நேரமிராது. விருந்தோம்பல் என்பது அவர்களுடைய சுபாவமேயானாலும், அதைக் காட்டுவதற்கு அவகாசம் வேண்டாமா?

ஆனி, ஆடி மாதங்களில் மழை பெய்யும் என்று பயப்படுகிறவர்கள் பலர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைத்தொடரின் மேற்குச் சரிவில், கேரளத்தின் பக்கமே இறக்கிவிடுவதால், பழனி மலையின் இந்தக் கிழக்கு முகத்துக்கு அப்போது வந்து சேர்வது சாரலும் காற்றும் மூடுபனியுமே. இங்கே கனத்த மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில்தான். மண் சரிந்து சாலை அடைபடுவதும் அந்த நாட்களிலேயே அதிகம். எனவே சாரலைப் பொருட்படுத்தாதவர்களுக்கு ஆடியும் ஆவணியும் சிலாக்கியமானவை. அப்போது வீட்டுத் தோட்டங்களில் பேரிக்காய் பழுத்துத் தொங்கும். தெளிந்த ஆகாயத்தையும், விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியையும் காண விரும்புகிறவர்கள், குளிர் தாங்குமானால், பொங்கலுக்குப் பிறகு தை மாதத்தில் வரலாம். குறிஞ்சி பூப்பதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் மாதத்தோடு வருஷமும் முக்கியம். 2018இல் பூத்தது, பன்னிரண்டாண்டுக் கணக்குப்படி 2030இல் பூக்க வேண்டும். அந்தப் பூவின் பெயரால் அமைந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர், இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்தைத் தழுவிய வெள்ளைக்காரப் பெண்மணியான லீலாவதி அம்மையார். கோயிலின் பின்புறம் நின்றால் வடக்கே பழனி மலை தெரியும், மேகம் இடம் கொடுத்தால்.

மாதத்தை உத்தேசித்த பிறகு, செய்ய வேண்டிய காரியம் தொலைபேசியில் பேசுவது. இணையத்தின் வழியே அறையைப் பிடித்துப் பணத்தையும் கட்டிவிடலாம்தான். ஆயினும் குடும்ப விடுதிகளைப் பொறுத்தவரையில் ஐந்து நிமிஷப் பேச்சு தருகிற விவரத்தை எந்தப் புகைப்படமும் தருவதில்லை. நான் வழக்கமாகத் தங்கும் வீட்டின் அம்மாளை ஒருமுறை இவ்விதம் அழைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை அறை இருக்குமா என்று விசாரித்தபோது, அவர் இருக்கிறதென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "சார், அன்னைக்கு லீவு சேர்ந்து வருது, ஊரே அடைஞ்சு கிடக்கும். திங்கக்கிழமை வாங்களேன். ரூமும் சும்மா இருக்கும், எங்க வீட்டுக்காரரும் உங்ககூட பூம்பாறைக்கு வருவாரு" என்றார். கையிலிருக்கும் வாடகையை மூன்று நாள் தள்ளிவைத்து, வருகிறவனுடைய சௌகரியத்தை முன்னிட்டு அப்படிச் சொல்ல ஒரு வீட்டு அம்மாளுக்குத்தான் மனம் வரும்.

அந்தப் பேச்சிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வெந்நீர் எந்த நேரத்தில் கிடைக்கும் என்பது அவற்றில் தலையாயது. பல வீடுகளில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் கீசர் ஓடும். சில வீடுகளில் பின்கட்டில் விறகடுப்பின் மேல் அண்டா வைத்து, கேட்டால் வாளியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் வருகிறார்களென்றால் அதைச் சொல்லிவிட வேண்டும்; சரிவில் கட்டிய வீடுகளாதலால் சில அறைகளுக்கு இருபது முப்பது படிகள் இறங்கிப் போக வேண்டியிருக்கும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு அது தண்டனையாகிவிடும். கூடுதல் கம்பளி உண்டா, அறை கீழ்த்தளத்தில் ஈரம் கசியாமல் இருக்கிறதா என்றும் கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அனுமதி பெற்ற விடுதிதானா என்பதையும் தயங்காமல் விசாரிப்பது நல்லது. அனுமதியின்றி எழும்பிய கட்டடங்கள் பல, நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைக்கப்பட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. முறையாக நடத்துகிறவர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் சற்று விரிவாகவே பேச வேண்டும். இன்ன நாளில் இத்தனை பேர், இரவில் சப்பாத்தியா சோறா என்று முன்கூட்டியே தெரிவித்தால்தான் அவர்கள் மூஞ்சிக்கல் கடைவீதியிலிருந்து காய்கறி வாங்கி வைக்க முடியும். இரவு ஒன்பது மணிக்கு வந்திறங்கி ஆகாரம் கேட்பது, அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போன வீட்டாரை எழுப்புவதாகும். நான் சொன்ன வீட்டில் சமையற்கட்டின் அடுப்புக்கு மேலே, தாளோடு முடிந்த மலைப்பூண்டுக் கொத்துகள் உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும். புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறியிருக்கும். ஒரு பல்லை நகத்தால் கீறினாலே அறை முழுவதும் காரமான வாசனை பரவும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அது. அந்த அம்மாள் கைப்பிடியளவு பூண்டை மிளகோடு தட்டிப் போட்டு வைக்கும் ரசத்தை, வெளியே சாரல் அடிக்கையில், டம்ளரில் வாங்கிக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு குடித்தவர்களுக்கு, கடைவீதி ஓட்டல்களைத் தேடி அலையத் தோன்றாது.

வந்து சேரும் மார்க்கம் யாவரும் அறிந்ததே. சென்னையிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் மேலே 80 கிலோமீட்டர். மதுரைக்காரர்களுக்கு ஆரப்பாளையத்திலிருந்து பஸ். மேற்கிலிருந்து வருகிறவர்களுக்குப் பழனியிலிருந்து 64 கிலோமீட்டர் தூரத்துக்கு வேறொரு மலைப்பாதை. சொந்த வண்டியில் வருவோர் இ-பாஸைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் தடை உண்டாதலால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜா ஒன்றைக் கொண்டுவந்துவிடலாம். வத்தலக்குண்டு வழியாக ஏறும்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எதிர்மலையிலிருந்து எலிவாலைப் போல் நீண்டு விழும் தலையாறு அருவியைப் பார்க்காமல் போகலாகாது. எப்படி வந்தாலும் பொழுது சாய்வதற்கு முன் ஜாகையை அடைந்துவிட வேண்டும். மாலை மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகள் அபாயகரமானவை. அதோடு, இருட்டியபின் காட்டுமாடுகள் சர்வ சாதாரணமாகத் தெருக்களில் இறங்கி மேய்கின்றன. நின்றால் ஆள் உயரமிருக்கும் அந்தப் பிராணி சாதுவாகத் தோன்றுவதை நம்பிப் பக்கத்தில் போய்ப் படமெடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து என்பதை அந்த ஊர்க் குழந்தைகூட நமக்குச் சொல்லும்.

வந்தபின் நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுவது உத்தமம். பொதுவாகக் காலை வேளை தெளிந்திருக்கும், நண்பகலுக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறும் என்பது இந்த மலையின் நியதி. தூரத்துக் காட்சிகளைக் காலையிலும், பூங்காவையும் ஏரிக்கரையையும் மாலையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிந்த ஆகாயத்தை நாடியே 1899இல் இங்கே சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தாது வருஷப் பஞ்சத்தின் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள சம்பந்தத்தை அறிய வேண்டுமென்று பிறந்த கவலையும் அதற்கு ஒரு காரணம். அங்கேதான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பூம்பாறைக்குப் போகும் நாளை வீட்டுக்காரரோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் அந்த மண்ணில் பிறந்தவர் ஒருவர் கூட நின்று காட்டுவதற்கும், வாடகை வண்டிக்காரர் பத்து நிமிஷம் நிறுத்திக் கூப்பிடுவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரையறையும் இருப்பதால், எந்த நாளில் கிடைக்கும் என்பதை விசாரித்து வைக்க முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாளை ஒன்றுமே வைக்காமல் விட்டுவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்த நாள் திண்ணையில் கழியும். மழை இல்லாவிட்டால் வீட்டுக்காரர் எங்கேயாவது அழைத்துப் போவார், அந்த இடம் எந்தப் பட்டியலிலும் இராது.

திரும்பும் மார்க்கத்தையும் அவர்களைக் கேட்டே முடிவுசெய்வது நல்லது. பழனி வழியாக இறங்குகிறவர்கள் முருகனைத் தரிசித்துவிட்டுப் போக விரும்புவது இயல்பு. அதற்குக் காலையிலேயே புறப்பட்டாக வேண்டும். வழிக்குக் கட்டிக்கொடுக்கும் இட்லிப் பொட்டலம் ஏழு மணிக்குக் கையில் இருக்க வேண்டுமானால், மாவு அரைப்பதற்கு முன்பே, அதாவது முதல்நாள் மத்தியானமே அந்த அம்மாளிடம் சொல்லிவிட வேண்டும்.