13 டாலர் டிக்கெட்டுக்காக ஒரு வான்யுத்தம்... தெரியுமா?

‘சூரரைப் போற்று’ பார்த்துவிட்டு, ‘ஒரு விமானம் பறப்பதற்கு இத்தனை முட்டுக்கட்டையா!’ என்று கொதித்தவரா நீங்கள்? அந்தக் கதைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு குட்டி நிறுவனம், முதல் பயணியை ஏற்றுவதற்கே மூன்று ஆண்டுகளுக்குமேல் கோர்ட் படியேறியது தெரியுமா? அதுதான் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்!

அன்றைய அமெரிக்காவில் எந்த ஊருக்கு யார் பறக்கலாம், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் மத்திய அரசின் வாரியம்தான் தீர்மானித்தது. 1938-லிருந்து நாற்பது ஆண்டுகள், நாடு முழுக்கப் பறக்கும் பெரிய நிறுவனங்களின் வரிசையில் புதிதாக ஒருவரைக்கூட அது சேர்க்கவில்லை! அந்தக் கோட்டையில் ஒரே ஓர் ஓட்டை: ஒரு மாநிலத்துக்குள்ளேயே பறந்தால் வாரியத்துக்கு அதிகாரமில்லை. டெக்சாஸோ தமிழ்நாட்டைவிட ஐந்து மடங்கு பெரியது! டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ மூன்றுக்கும் இடையே பறந்தாலே போதுமே என்று 1967-ல் இறங்கினார்கள் தொழிலதிபர் ரோலின் கிங்கும் வக்கீல் ஹெர்ப் கெல்லஹரும்.

1968 பிப்ரவரி 20-ல் மாநில அரசின் அனுமதி கிடைத்தது. மறுநாளே பிரானிஃப், கான்டினென்டல், டிரான்ஸ் டெக்சாஸ் என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் தடையாணை வாங்கிவிட்டன! கீழ்க் கோர்ட்டில் தோல்வி. அப்பீலிலும் தோல்வி. கையில் இருந்த பணமும் கரைந்தது. கெல்லஹர் என்ன செய்தார் தெரியுமா? ‘ஃபீஸைப் பிறகு பார்க்கலாம், நானே வாதாடுகிறேன்’ என்று நின்றார். 1970-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்! 1971 ஜூன் 18-ல் மூன்றே போயிங் 737-களோடு முதல் பயணம். டிக்கெட் 20 டாலர்.

அடுத்த ஆண்டே பணமுடை. நான்காவதாக வாங்கிய விமானத்தை விற்க வேண்டியதாயிற்று. ஆனால், நான்கு விமானங்களின் கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டினார்கள்! எப்படி? தரையிறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். விமானங்களை நம் டவுன் பஸ் போல ஓட்டிய அந்த ஊழியர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இனிதான் உச்சகட்டம்! 1973-ல் பிரானிஃப், டல்லாஸ்–ஹூஸ்டன் டிக்கெட்டைப் பாதி விலைக்கு, 13 டாலருக்குக் குறைத்தது. சவுத்வெஸ்ட்டுக்குக் காசு தந்த ஒரே வழித்தடம் அது. அதை இழந்தால் கதை முடிந்தது. பதிலடி என்ன தெரியுமா? ‘13 டாலர் கொடுத்தும் வரலாம், முழுசாக 26 டாலர் கொடுத்தால் ஒரு பாட்டில் மது இலவசம்!’ கம்பெனிச் செலவில் பயணித்த அதிகாரிகள் முழு விலையைத் தயங்காமல் நீட்டினார்கள். பாட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனது! அந்த ஆண்டுதான் சவுத்வெஸ்ட் முதன்முதலாக லாபம் பார்த்தது. அதன்பிறகு 2020 கொரோனா வரும்வரை ஒரே ஓர் ஆண்டுகூட நஷ்டமில்லை!

சோதனை அதோடு தீர்ந்ததா? 1980-ல் ஒரு சட்டமே வந்தது: சவுத்வெஸ்ட்டின் தளமான டல்லாஸின் லவ் ஃபீல்ட் விமான நிலையத்திலிருந்து டெக்சாஸுக்கும் அக்கம்பக்கத்து நான்கு மாநிலங்களுக்கும்தான் பெரிய விமானங்கள் பறக்கலாம்! அப்பட்டமான அநியாயம் அது. போட்டியாளர் பிரானிஃப்போ இரண்டே ஆண்டுகளில், 1982 மே மாதம், திவாலாகித் தரையிறங்கியது. லவ் ஃபீல்ட் கட்டுப்பாடு முழுதாக நீங்கியதோ 2014 அக்டோபர் 13-ல்தான்.