வீட்டின் வெப்பமும் மின்சாரப் பட்டியலும்

ஒரு வீடு மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறதா என்று கேட்டால், மின்சாரப் பட்டியலை எடுத்துக் காட்டுவதே வழக்கம். யூனிட்டுகள் குறைவாயிருந்தால் அது நல்ல வீடு. கூடுதலாயிருந்தால் குறையுள்ள வீடு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் இக்கணக்கில் ஒரு பெரும் பிழை மறைந்திருக்கிறது.

ஒரே தெருவில் ஒரே அமைப்பில் கட்டப்பட்ட இரு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிற்கும் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். வெறும் கான்கிரீட் கூரை. ஒன்றில் ஏர்கண்டிஷனர் இயங்குகிறது. மற்றதில் ஒரு மின்விசிறி மட்டுமே சுழல்கிறது. இரண்டாவது வீட்டின் பட்டியல் சிறியதுதான். ஆனால் அவ்வீட்டுக் குழந்தைகள் கோடையிரவில் உறக்கமின்றித் தவிக்கின்றனர். பட்டியல் வீட்டாரின் வருவாயையும் பழக்கத்தையும் காட்டிற்றேயன்றி, வீட்டின் தன்மையைக் காட்டவில்லை. மின்சாரத்திற்குப் பணம் செலுத்த இயலாதோர், அவ்வெப்பத்தை உடலால் தாங்குகின்றனர்.

சுவரையும் கூரையையும் அளத்தல்

இப்பிழையைக் களைய, வீட்டையே அளக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. 2001-ம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-ல் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-ல் வெளிவந்தது. குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

இதன் முதன்மையான அளவு ‘ஆர்.இ.டி.வி.’ எனப்படும். கூரை நீங்கலாக, வெளிச்சுவர்கள் வழியாகவும் சன்னற்கண்ணாடி வழியாகவும் கடந்து வரும் வெப்பத்தையும், கண்ணாடியூடே நேரே புகும் வெயிலையும் கூட்டி, வெளிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாக எத்தனை வாட் என்று கணக்கிடுவதே இம்முறை. சன்னல் நோக்கும் திசை, அதன்மீது விழும் நிழல், ஊரின் தட்பவெப்பம் ஆகியன கணக்கில் சேரும். குளிர்ப் பிரதேசம் நீங்கலாக மற்ற நான்கு தட்பவெப்ப மண்டலங்களிலும் இம்மதிப்பு 15 வாட்டிற்கு மேற்படலாகாது. 80 சதுர மீட்டர் வெளிப்பரப்புள்ள வீட்டில் இந்த வரம்பளவே 1,200 வாட் ஆகும். ஓர் இஸ்திரிப் பெட்டி ஓயாது உள்ளே எரிவதற்கு அது ஏறத்தாழ ஒப்பாகும்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. உள்ளும் புறமும் ஒரு பாகை உஷ்ண வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் கூரையினூடே 1.2 வாட்டிற்கு மேல் வெப்பம் கடத்தல் ஆகாது. காப்புப்பூச்சற்ற சாதாரணக் கான்கிரீட் கூரையோ 3 வாட்டிற்கும் மேல் கடத்தும். பகலில் உண்ட வெப்பத்தை அது இரவில் உமிழ்வதே மேல்மாடியில் வசிப்போர் படும் இன்னலுக்குக் காரணம்.

காற்றோட்டமும் கணக்கில் உண்டு. வெக்கையும் ஈரமும் மிகுந்த சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு, தளப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருத்தல் வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் 10 சதவீதம் போதும். ஆகவே 60 சதுர மீட்டர் வீட்டிற்குச் சென்னையில் 10 சதுர மீட்டரும், அகமதாபாதில் 6 சதுர மீட்டரும் வேண்டும். பக்கவாட்டில் நகரும் இரட்டைக் கதவுச் சன்னலில் பாதியே திறக்கும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எஞ்சியுள்ள பணி

வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர முத்திரை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2022-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் விதித்தொகுப்பின் வரம்பிற்குள் கொணர்ந்தது. எனினும் 2018-ம் ஆண்டுத் தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள மனைகளை முன்னிட்டே எழுதப்பட்டது. சிறு மனையில் சிறுகச் சேமித்துக் கட்டும் குடும்பத்தை அது எட்டுவதில்லை.

அங்கேதான் களப்பணியாளரின் உதவி தேவைப்படுகிறது. அடித்தளம் இடுமுன் கூறப்படும் ஓர் ஆலோசனைக்குச் செலவில்லை: மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வேண்டாம், சன்னலுக்கு மேல் வெயில்மறைப்பு வேண்டும், கூரைக்கு வெண்ணிறப் பூச்சேனும் வேண்டும். கட்டி முடித்த பின்னர் இவற்றைத் திருத்துவது எளிதன்று.

ஆசிரியர்களும் இதனை வகுப்பில் விளக்கலாம். கோடையில் ஒரு நாள், ஓர் உஷ்ணமானியை மேல்தள அறையிலும், மற்றொன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட்டு, நண்பகல் முதல் இரவு வரை இரண்டு மணிக்கு ஒருமுறை குறித்துவரச் செய்க. அந்தி சாய்ந்து வெளியே குளிர்ந்த பின்னும் அறை குளிராதிருப்பதை மாணவர் தாமே காண்பர். தம் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பது எதுவென்று மின்சாரப் பட்டியல் சொல்லாததை, அந்த இரு உஷ்ணமானிகளும் சொல்லிவிடும்.