ரமலான் விடைபெற்ற பின் வரும் வெறுமை: ஆறுதல் தரும் துஆ

நோன்புப் பெருநாள் கொண்டாட்டம் அடங்கியதும் பல முஸ்லிம்களின் மனத்தில் ஒரு வெறுமை குடியேறுவதுண்டு. ஒரு மாதமாக சஹர் உணவுக்குக் குடும்பமே எழுந்து உட்கார்ந்த விடியற்காலை இப்போது இல்லை. மாலையில் நோன்புக் கஞ்சிக்கு நின்ற வரிசையும், இரவில் தராவீஹ் தொழுகைக்குத் தோளோடு தோள் சேர்ந்து நின்ற கூட்டமும் கலைந்துவிட்டன.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சிங்கப்பூர் ஜாமியா சூலியா பள்ளிவாசல் போன்ற இடங்களில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி வருகின்றனர். தனியாக வாழும் முதியவர்களுக்கும், ஊரை விட்டு வந்து வேலை செய்பவர்களுக்கும், அண்மையில் துணையை இழந்தவர்களுக்கும் ரமலான் என்பது நோன்பு மட்டுமன்று. மாலைதோறும் பிறரோடு அமர்ந்து உண்ணும் காலமும்கூட. அது முடியும்போது அவர்களின் தனிமை இரட்டிப்பாகிறது.

இதற்கென்று இஸ்லாத்தில் தனி துஆ உண்டா என்று சிலர் கேட்பர். ரமலான் பிரிவுத் துயருக்கு மட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) தனியாக ஒன்றைக் கற்றுத் தந்ததாக ஸஹீஹ் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்புகளில் காணப்படவில்லை. ஆனால், மனத்துயர் எதுவாயினும் ஓதத்தக்க ஒரு துஆ உள்ளது. நபிகளாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), அவர் அதை அடிக்கடி ஓதக் கேட்டதாக அறிவித்திருக்கிறார். இது புகாரி தொகுப்பில் பதிவாகியுள்ளது.

எட்டு விஷயங்களிலிருந்து இறைவனிடம் பாதுகாப்புக் கேட்பதே அந்த துஆ. அவை இரண்டிரண்டாக வருகின்றன: கவலையும் துயரமும், இயலாமையும் சோம்பலும், கோழைத்தனமும் கஞ்சத்தனமும், கடன்சுமையும் பிறரின் ஆதிக்கமும்.

முதல் இணையில் உள்ள அரபுச் சொற்கள் 'ஹம்ம்', 'ஹஸன்'. வரப்போவதை எண்ணி வருவது ஹம்ம். கடந்துபோனதை எண்ணி வருவது ஹஸன் என்று அறிஞர்கள் விளக்குவர். தமிழில் கவலை, துயரம் என்று பிரித்துச் சொல்லலாம். 'ரமலான் போய்விட்டதே' என்பது துயரம். 'அடுத்த ரமலானுக்கு இருப்பேனா' என்பது கவலை. இரண்டும் ஒரே மூச்சில் இறைவனிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

துயரத்தை அடுத்து இயலாமையும் சோம்பலும் வருவதைக் கவனிக்க வேண்டும். மனம் சோர்ந்தால் உடலும் முடங்கும். தொழுகை தள்ளிப் போகும். கடன் சேர்க்கப்பட்டிருப்பதும் நடைமுறை வாழ்வுக்கு நெருக்கமானது. புத்தாடை, பலகாரம், ஊர்ப்பயணம், பிள்ளைகளுக்குப் பெருநாள் பணம் எனச் செலவழித்த குடும்பங்களுக்குப் பெருநாளுக்குப் பிந்திய மனச்சோர்வில் கடனுக்கும் பங்குண்டு.

கவலையோடும் கடனோடும் பள்ளிவாசலில் தனியே அமர்ந்திருந்த அபூ உமாமா என்ற தோழருக்கு, காலையும் மாலையும் ஓதும்படி நபிகளார் இதே துஆவைக் கற்றுத் தந்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாகச் சில அறிஞர்கள் கூறினாலும், துஆவின் வாசகம் புகாரி வழியாக உறுதியானது. அரபு மனப்பாடம் ஆகாதவர்கள், தொழுகைக்கு வெளியே இதன் பொருளைத் தமிழிலேயே கேட்கத் தடையில்லை.

துஆவோடு செயலும் சேர வேண்டும். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு வைப்பவர் ஆண்டு முழுதும் நோன்பு நோற்றவர் போலாவார் என்ற நபிமொழி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. ஒரு நன்மைக்குப் பத்து மடங்கு கூலி என்ற கணக்கில் 30 நோன்பு 300 ஆகவும், 6 நோன்பு 60 ஆகவும் ஆகிறது. பெருநாளன்று மட்டும் நோன்பு கூடாது. மற்ற நாள்களில் ஆறையும் தொடர்ந்தும் வைக்கலாம், விட்டு விட்டும் வைக்கலாம். வீட்டில் இருவர் சேர்ந்து வைத்தால் சஹர் விளக்கு மீண்டும் எரியும்.

நோன்பு முடியாதவர்கள் இரவில் இரண்டு ரக்அத் தொழலாம். ஒரு பக்கம் குர்ஆன் ஓதலாம். சிறிதாயினும் விடாமல் செய்யும் நற்செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்பதும் நபிமொழிதான்.

தூக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் சோர்வு நீங்காவிட்டால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் இதே மார்க்கம். நோன்பு மாதத்தில் கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டுப் பாட்டியை ஷவ்வாலிலும் ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு எந்த மதமும் தடையில்லை.